மழையைக் கழித்த கணக்கு

மார்ச் 4

மாப்பிள்ளைக்கு,

இங்கே நான் சுகம். அங்கேயும் எல்லோரும் சுகம் என்று தங்கச்சி அனுப்பிய படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். படத்தில் நீங்கள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றீர்கள். போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் வேண்டும். கிழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

போன தடவை வந்தபோது சாப்பாட்டு மேசையில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், வறண்ட வருடங்களில் முதலில் சலவைக்கடைகளுக்குத்தான் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்றேன். "என் பொழப்புல மண்ணைப் போடத்தான் இவ்வளவு படிச்சீங்களா மச்சான்?" என்று கேட்டுவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனீர்கள். கேள்வி நியாயமானது. அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நம் ஊருக்கு வந்த வறட்சி நினைவிருக்கும். நீர்த்தேக்கத்தில் சேறு வெடித்துக் கிடந்தது. ஊரைக் காலி செய்யப் பள்ளிக்கூட மைதானத்தில் லாரிகள் வந்து நின்றன. அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தங்கச்சிக்கு அந்த மழையிலேயே வலி கண்டு குழந்தை பிறந்தது. அதனால்தான் அவளுக்குத் தூறல் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த நானும் தெருவில் இறங்கி ஆடினேன்.

அந்த மேகம் கொஞ்சம் வடக்கே ஒதுங்கியிருந்தால் நமக்கு ஒரு சொட்டு விழுந்திருக்காது. ஆனால் அந்த வறட்சியையே தாங்கிவிட்டோம், இனி எதையும் தாங்குவோம் என்றுதான் எல்லோரும் திட்டம் போடுகிறார்கள். என் வேலை, நடந்து முடிந்த வறட்சி இன்னும் எவ்வளவு மோசமாகப் போயிருக்கலாம் என்று பார்ப்பது. கம்ப்யூட்டரில் அந்த ஒரு மழையை மட்டும் எடுத்துவிட்டுக் கோடையை மேலே ஓடவிட்டிருக்கிறேன்.

ஜூன் முதல் வாரம் நகரசபை கூடுகிறது. நீர்த்தேக்கத்தின் அடித்தண்ணீரை, அதாவது எல்லாம் வற்றிய பிறகும் குழாய்க்குக் கீழே மிஞ்சி நிற்கும் கடைசிப் பங்கை, இறைத்துப் புதிய தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கலாமா என்று முடிவு செய்வார்கள். வேண்டாம் என்று சொல்ல என் கையில் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

தண்ணீர் எப்படிக் குறையும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று அதற்குத் தெரியாது. உங்கள் கடைக்கு ஊரே வருகிறது. வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அன்றைக்கு மழை வராமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அன்புடன்,
மச்சான்


மார்ச் 12

மச்சானுக்கு,

கடிதம் தப்பித்தது என் நல்ல குணத்தால் இல்லை. உங்கள் தங்கை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். தூறல் சத்தமாகப் படித்துக் காட்டினாள். "மாமாவுக்கு மழையைக் கழிக்கிறதுதான் வேலையாப்பா? இதுக்குச் சம்பளம் வேற குடுக்கிறாங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

இருந்தாலும் கேட்டுப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, நல்ல பொழுதுபோக்கு. தையல்காரர், "மிஷினைத் தலையில தூக்கிட்டு லாரியில ஏறியிருப்பேன், பொண்டாட்டி பின்னாடி நடந்து வந்திருப்பா" என்றார். பக்கத்தில் நின்ற அந்த அம்மாள் முறைத்த முறைப்பில் துணியை எண்ணாமலே கிளம்பிவிட்டார். கணக்கு வாத்தியார் அசைந்திருக்கவே மாட்டாராம். "ஒரு லாரிக்கு எத்தனை பேர்னு நான் கணக்கு போட்டு முடிக்கறதுக்குள்ள லாரி போயிருக்கும்" என்கிறார். முக்கால்வாசிப் பேர் ஊரிலேயே இருந்திருப்போம் என்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் தொட்டியில் வரிசை நின்று தண்ணீர் பிடித்துக் காலத்தை ஓட்டியிருப்பார்களாம்.

உங்கள் தங்கையிடமும் கேட்டேன். எழுந்து போய் அடுப்படிக் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்தாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

என் பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள்: நிறைமாசக்காரியை லாரியில் ஏற்றியிருக்க மாட்டேன். அது சரி, ஊருக்கெல்லாம் கேள்வி அனுப்பிய பெரிய மனுஷரும் அன்று இங்கேதானே இருந்தார்? அவர் லாரியா, வரிசையா? அதை எழுதவே இல்லையே.

இப்படிக்கு,
பிழைப்பில் மண் விழுந்தவன்


மார்ச் 21

மாப்பிள்ளைக்கு,

பெரிய உபகாரம். தையல்காரரின் பதிலைப் படித்து அலுவலகமே சிரித்தது. முடிந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிக் கேளுங்கள். ஒரு மாதம் மழை இல்லை என்றால்? அதற்கும் மேலே என்றால்?

ஒரு சின்னச் சந்தேகம். அந்தத் தொட்டி வறட்சி முடிந்து பல வருடம் கழித்துக் கட்டியது. இடம் குறித்துக் கொடுத்தவனே நான்தான். அன்றைக்கு அங்கே முள்ளும் கல்லும்தான் கிடந்தன. ஒருவர் மறந்து சொன்னால் சரி, எல்லோரும் ஒரே மாதிரி மறந்து சொல்கிறார்களே. நீங்கள் யாராவது பேச்சோடு பேச்சாக எடுத்துக் கொடுத்தீர்களா?

என்னைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கணக்குப் போடுகிறவன் கணக்குக்குள் வரக்கூடாது என்பது எங்கள் வழக்கம்.

மச்சான்


ஏப்ரல் 3

மச்சான்,

நான் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. இப்போது கேட்பதையே நிறுத்திவிட்டேன். அவர்களாகவே வருகிறார்கள். துணி கூடக் கொண்டுவருவதில்லை. மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். நேற்று பேருந்து நிலையத்துக் கிணறு வற்றியது வியாழனா வெள்ளியா என்று தையல்காரருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் வாக்குவாதம். நடக்காத விஷயத்துக்குக் கிழமை எதற்கய்யா என்று கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வாத்தியார் வந்து, "வெள்ளி. வாளியில வெறும் மணல்தான் வந்துச்சு" என்று சொன்னதும் அடங்கினார்கள்.

இன்னொன்று. எல்லோரும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார்கள். கையில் பச்சை வாளி. தொட்டிக் குழாய் இருமிக்கொண்டு நின்றுபோகும் நேரத்தில் வருவாளாம். தண்ணீர் கிடைக்காமல் நிற்கிறவர்களுக்கு வாளியிலிருந்து ஊற்றிவிட்டுப் போவாளாம். முகம் யாருக்கும் ஞாபகம் வரவில்லை, யார் வீட்டுப் பெண் என்றும் தெரியவில்லை. அந்தத் தண்ணீரில் லேசாகச் சவுக்கார வாசனை அடிக்கும் என்கிறார் தையல்காரர். தனித்தனியாகக் கேட்டாலும் அதே வாளி, அதே வாசனை.

இதையெல்லாம் ஊர்ப் பைத்தியம் என்று விட்டுவிடுவேன். ஆனால் என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இவர்கள் போடும் துணியை அலசினால் தண்ணீர் செம்மண்ணாக ஓடுகிறது. சட்டைப் பையில், பாவாடை மடிப்பில், குழந்தைகளின் காலுறையில் எல்லாம் பொடிப்பொடியாகச் சிவப்புத் தூசி. இந்த வருடம் நல்ல மழை. தெருவெல்லாம் தார். இந்தத் தூசி எங்கிருந்து வருகிறது? அந்தக் கோடையில் நான் இதே தூசியைத்தான் துவைத்தேன். கையில் பட்டதும் தெரிந்துவிட்டது.

சொல்ல வந்தது இதுவும் இல்லை. உங்கள் தங்கை நேற்று தூறலைப் பார்த்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். தூறல் அதை விளையாட்டு என்று நினைத்து, "சாப்பிட்டேங்க" என்றாள். இவள் சிரிக்கவில்லை. தட்டைக் கழுவித் துடைத்து, வெளியாள் வந்தால் வைப்பதுபோல வைத்தாள். இன்றைக்கும் அப்படியே. பெற்ற பெண்ணை நீங்க வாங்க என்கிறாள் மச்சான். அவள் உட்கார்ந்தால் இவள் எழுந்துவிடுகிறாள்.

போதும். கணக்கை நிறுத்துங்கள்.


ஏப்ரல் 10

மாப்பிள்ளைக்கு,

முதலில் உங்களுக்குத் தைரியம் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் கற்பனையும் ஞாபகம்போல ஆகிவிடும், பேசிப் பேசி ஒருவர் கதை இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்றெல்லாம். அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அந்தக் கிணறு வற்றியது வெள்ளிக்கிழமைதான். என் கணக்கிலும் வெள்ளிக்கிழமைதான். நான் யாரிடமும் சொல்லவில்லை, எங்கும் எழுதி அனுப்பவும் இல்லை. பக்கத்து மேசைக்காரருக்கே தெரியாது. உங்கள் கடிதத்தைப் படித்த கையோடு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். எனக்குப் பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை.

ஆனால் நிறுத்தினால் மட்டும் என்ன ஆகும்? அறிக்கை போகாவிட்டால் அடித்தண்ணீர் தொழிற்சாலைக்குப் போய்விடும். அடுத்த வறட்சியில் மேகம் ஒதுங்கினால் இவர்கள் சொல்வதெல்லாம் அப்படியே நடக்கும். அன்றைக்கு யாரிடம் போய் நிற்பது?

இன்னொரு சமாதானமும் இருக்கிறது. கணக்கு ஏற்கெனவே நின்றுதான் இருக்கிறது. நீர்த்தேக்கம் காலியாகும் நாளோடு நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு என்ன ஆனது என்பது திட்டத்துக்குத் தேவையில்லை. தங்கச்சியை டாக்டரிடம் காட்டுங்கள். செலவைப் பற்றி யோசிக்காதீர்கள்.

மச்சான்


ஏப்ரல் 16

தேவையில்லையா?

நீங்கள் நிறுத்திய இடத்தில் மனுஷர்கள் நிற்கிறார்கள். வாத்தியார் என்ன சொன்னார் தெரியுமா? "அதுக்கப்புறம் என்னாச்சுன்னு ஞாபகம் வரமாட்டேங்குது. நின்னுட்டே இருக்கோம்." தையல்காரரும் அதையேதான் சொல்கிறார். உங்கள் தங்கை காலையில் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக் குழாயடியில் நிற்கிறாள். குழாயைத் திறந்து காட்டுகிறேன், தண்ணீர் கொட்டுகிறது. "அது இல்லை" என்கிறாள். மறு கையை மடியில் எதையோ அணைத்ததுபோல மடக்கி வைத்திருக்கிறாள்.

டாக்டர் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறாளாம்.

தூறல் கடையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போகும்போது, "அம்மாவுக்கு நான் யாருப்பா?" என்று கேட்டாள். நான் அழுது நீங்கள் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மழையை எடுத்தது நீங்கள்தானே. திருப்பிக் கொடுங்கள்.


ஏப்ரல் 25

மாப்பிள்ளைக்கு,

கணக்கை மறுபடி ஓடவிட்டேன். அலுவலகத்தில் யாருக்கும் சொல்லவில்லை. காலி நீர்த்தேக்கத்தை வைத்துக்கொண்டு எதற்கு இத்தனை நேரம் கம்ப்யூட்டரைப் பிடித்து வைத்திருக்கிறாய் என்று மேலதிகாரி கேட்டார். மழைக்காகக் காத்திருக்கிறேன் என்றேன். லீவு எடுத்துக்கொள் என்றார்.

மழை வருகிறது. ஜூலை முதல் ஞாயிறு, மத்தியானத்துக்கு மேல், தெற்கிலிருந்து. உண்மையில் பெய்த நாளுக்கு ஏழெட்டு வாரம் பிந்தி. முன்னாலேயே கொண்டுவர விரல் துடித்தது. அப்படிச் செய்தால் அது நான் சொல்லும் பொய்யாகிவிடும். பொய் மழையில் அவர்கள் நனைய மாட்டார்கள் என்று ஏனோ தோன்றியது.

கட்டாத அந்தத் தொட்டியையும் கணக்கில் சேர்த்துவிட்டேன். தப்பு என்று தெரிந்துதான் சேர்த்தேன். ஒன்று மட்டும் இடிக்கிறது. தொட்டிக்கு வரும் தண்ணீர் வரிசைக்குப் போதவில்லை. தினமும் கடைசியில் நிற்கிற சிலருக்கு ஒன்றும் கிடைக்காது. என் கணக்குப்படி அவர்கள் மழையைப் பார்த்திருக்க முடியாது. ஆனால் ஊரில் அப்படி யாரையும் இழந்ததாக ஒருவரும் சொல்லவில்லையே. அந்தக் குறைச்சலைப் பச்சை வாளிக்காரிதான் நிரப்பினாள் என்றால், அவளுக்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

இந்தக் கடிதத்தைத் தங்கச்சிக்குப் படித்துக் காட்டுங்கள். தூறலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்துவிட்டது என்று அண்ணன் சொன்னதாகச் சொல்லுங்கள்.

மச்சான்


மே 3

மச்சான்,

படித்தேன். தூறல் கதவோரமாக நின்றாள், உள்ளே வரவில்லை. ஜூலை, ஞாயிறு, தெற்கிலிருந்து என்ற இடம் வந்ததும் உங்கள் தங்கை ஜன்னலைப் பார்த்தாள். வெளியே சுள்ளென்று வெயில். "மண் வாசனை வருது" என்றாள். பிறகு மடக்கி வைத்திருந்த கையைப் பார்த்தாள். அப்புறம் வெடித்து அழுதாள் பாருங்கள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி அழுததில்லை.

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன். "பள்ளிக்கூடத்துலதான் பெத்தேன். மழை இல்லை. பால் வத்திப்போச்சு. புள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. நான் வரிசையில நிக்கும்போது குழாய் நின்னுபோச்சு. அப்ப அந்தப் பொண்ணு வந்து மொத்த வாளியையும் என் பாத்திரத்துல கவுத்துட்டா. கையில நம்ம கடைச் சவுக்கார வாசனை. நிமிர்ந்து பார்த்தா, நம்ம தூறல். இந்த வயசு, இந்த முகம். என் மடியில இருக்கறதைக் கொஞ்சம் பாரும்மான்னு சொன்னேன். பார்க்க மாட்டேன்னுட்டா. பார்த்தா பயமா இருக்குன்னா."

அப்படியென்றால் ஏன் இத்தனை நாள் அவளை அந்நியமாக நடத்தினாய் என்று கேட்டேன்.

"உசுர் குடுத்தவளை எப்படி வா போன்னு பேசறது? அதோட, மடியில இருக்கறது பிழைக்குமான்னே தெரியலையே. அது பிழைச்சாத்தானே இவ என் மக? அதுக்கு மேல என்னாச்சுன்னு யாருமே சொல்லலையே. இவளை மகளேன்னு கூப்பிட்டு, மடியில இருக்கறது போயிட்டா, அப்ப இவ யாரு?"

நீங்கள் நிறுத்திய இடம் அது, மச்சான்.

உங்கள் தங்கை கதவுப் பக்கம் திரும்பி, "ஏண்டி அங்கேயே நிக்கற? உள்ள வாடி" என்றாள். அந்த ஒரு 'டி'க்கு என் கடையையே எழுதி வைக்கலாம். தூறல் வந்து மடியில் விழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அன்று மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.


ஜூன் 7

மச்சானுக்கு,

நகரசபைக் கூட்டம் நேற்று முடிந்தது. உங்கள் அறிக்கையை யாரும் படிக்கக்கூட இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊரே திரண்டு வந்து உட்கார்ந்திருந்தது. தொழிற்சாலைக்காரர்களின் வக்கீல் எழுந்து, "இப்படி ஒரு வறட்சி நடக்கவே இல்லையே" என்றார். யாரும் கத்தவில்லை. தையல்காரர் சட்டைப் பையை வெளியே இழுத்து உதறினார். பிறகு ஒவ்வொருவராக உதறினார்கள். தரையெல்லாம் சிவப்புத் தூசி. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அடித்தண்ணீரை யாரும் தொடக்கூடாது என்று முடிவாகிவிட்டது. வறண்ட வருடத்தில் சலவைக்கடைகளுக்குத்தான் முதல் வெட்டு. அதற்கும் ஊரோடு சேர்ந்து கை தூக்கினேன். தூக்கிய கை யாருடையது என்று பக்கத்துக் கடைக்காரர் குனிந்து பார்த்தார்.

இப்போது மனசை அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தூறல் சந்தையில் ஒரு வாளி வாங்கி வந்தாள். நம் வீட்டில் பச்சை வாளி இருந்ததே இல்லை. தினமும் காலையில் கடைக் குழாயில் நிரப்பித் தூக்கிக்கொண்டு போகிறாள். நேற்று பின்னாலேயே போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், தொட்டியைச் சுற்றி வளைந்து போனாள். நான் போய்ப் பார்ப்பதற்குள் வாளி காலி. தரையில் ஈரம் இல்லை. சுற்றிலும் ஒரு ஆளும் இல்லை.

"எங்கம்மா ஊத்தின?" என்று கேட்டேன்.

"வரிசை நீளமா இருக்குப்பா" என்றாள். பயந்த மாதிரியே தெரியவில்லை. "அம்மா பக்கம் போகும்போது மட்டும் தலையைக் குனிஞ்சுக்குவேன்" என்றாள்.

தடுக்கவா, விடவா? உங்கள் தங்கை விடு என்கிறாள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை


ஜூன் 14

மாப்பிள்ளைக்கு,

தடுக்காதீர்கள்.

குறைச்சலை நிரப்பிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேனே, இப்போது தெரிந்துவிட்டது. அவளுக்கு மழை வரும் நாளைச் சொல்லி வையுங்கள். ஜூலை முதல் ஞாயிறு. அதற்குப் பிறகு வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிடலாம். அதற்குள் ஒரு காலைகூட விட்டுப்போகக் கூடாது.

லாரியா, வரிசையா என்று நீங்கள் மார்ச்சில் கேட்டதற்கு நான் மழுப்பிவிட்டேன். அப்போது உண்மையிலேயே தெரியாது. போன வாரம் சட்டையைத் துவைக்கப் போட்டேன். தண்ணீர் சிவப்பாக ஓடியது. அப்போது ஞாபகம் வந்தது. லாரியில் ஒரு காலை வைத்துவிட்டு, தங்கச்சியைப் பார்த்து இறங்கிவிட்டேன். என் பங்குத் தண்ணீரையும் அவளே குடிக்கட்டும் என்று, தினமும் எல்லோரையும் முன்னே விட்டுவிட்டு நிற்கிறேன். உதடு வெடித்திருக்கிறது. பச்சை வாளி தூரத்தில் வருவது தெரிகிறது. முகம் இன்னும் தெரியவில்லை.

ஜூலையில் வருகிறேன். சண்டை போட வேண்டுமென்றால் அன்றைக்கு மழையில் நின்று போட்டுக்கொள்ளலாம். அதுவரை தூறலிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். வரிசையில் கடைசியாக நிற்பது மாமாதான். வாளியில் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லுங்கள்.